எம்.எல்.ஏ கையில என்ன இருக்கு? செஞ்சியை வெச்சு ஒரு கணக்கு

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்: "எங்க தொகுதி எம்.எல்.ஏ ஒண்ணுமே பண்ணலை ப்ரோ. இவங்களுக்கு ஓட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்?" கோபம் நியாயமானது. ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கு. ஒரு எம்.எல்.ஏ-வால சட்டப்படி என்ன பண்ண முடியும்? அது தெரியாம அவர் பண்ணினாரா இல்லையான்னு எப்படி மார்க் போடறது?

இதை இன்னைக்கு எங்க ஊர் செஞ்சியை வெச்சுப் பார்க்கலாம். மூணு மலை, ஒரு கோட்டை, ஒரு கடைத்தெரு. விழுப்புரம் மாவட்டத்துல சின்ன ஊர்தான். ஆனா யார் கையில என்ன அதிகாரம் இருக்குன்னு காட்டறதுக்கு ரொம்ப வசதியான ஊர். ஏன்னு போகப் போகத் தெரியும்.

நாலு மனு, நாலு கையெழுத்து

எந்த எம்.எல்.ஏ ஆபீஸ் வாசல்லயும் காலையில ஒரு கூட்டம் நிக்கும். அதுல நாலு பேரை எடுத்துக்கலாம். ஒருத்தருக்குப் பட்டா பெயர் மாத்தணும். ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்னு போச்சு. ஒரு தெருக்காரங்களுக்கு சாக்கடைக் கால்வாய் வேணும். நாலாவது ஆள் லாரி ஓட்டறவர், திண்டிவனம் ரோட்டுல பள்ளம்னு சொல்றார்.

இந்த நாலையும் முடிச்சு வைக்கற கையெழுத்து யாரோடது? பட்டா, வருவாய்த் துறையோட வேலை, தாசில்தார் அலுவலகம். முதியோர் உதவித்தொகைக்கும் தாசில்தார்தான், ஆனா அதுக்குன்னு தனி தாசில்தார். சாக்கடை, பேரூராட்சி நிர்வாகம். திண்டிவனத்துல இருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியா கிருஷ்ணகிரி போற ரோடு தேசிய நெடுஞ்சாலை. அதோட கடைசி முடிவு டெல்லியில இருக்கற சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கிட்ட.

நாலு மனு, நாலு கையெழுத்து. ஒண்ணுகூட எம்.எல்.ஏ-வோடது இல்லை. அவர் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம். போன் பண்ணலாம். அந்தப் போனுக்கு நிறைய நேரம் வேலை நடக்கும், அதை நான் மறுக்கலை. ஆனா அதுக்குப் பேரு செல்வாக்கு. அதிகாரம் வேற, செல்வாக்கு வேற. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ போன் பண்ணா எதிர்முனையில எடுக்கற வேகமும், எதிர்க்கட்சி எம்.எல்.ஏ பண்ணா எடுக்கற வேகமும் ஒண்ணா இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். சட்டத்துல ரெண்டு பேரும் ஒண்ணுதான்.

எங்க ஐ.டி பாஷையில சொல்றேன். ஒரு ப்ராஜெக்ட்டோட கோடுக்கு எல்லாருக்கும் ஒரே அனுமதி இருக்காது. சிலர் படிக்கலாம், இங்க தப்பு இருக்குன்னு டிக்கெட் போடலாம். சிலர்தான் கோடை மாத்தி லைவ்ல ஏத்த முடியும். எம்.எல்.ஏ-வுக்கு இருக்கறது முதல் வகை அனுமதி. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம், கணக்கைப் பார்க்கலாம், டிக்கெட் போடலாம். லைவ்ல ஏத்தற அனுமதி அமைச்சருக்கும், செயலாளருக்கும், கலெக்டருக்கும்தான்.

ஒரே ஆள், வேற வேற நாற்காலி

இப்போ செஞ்சி ஏன் நல்ல உதாரணம்னு சொல்றேன். செஞ்சி கே.எஸ். மஸ்தான். முன்னாடி செஞ்சி பேரூராட்சித் தலைவரா இருந்தவர். 2016-ல தி.மு.க சார்புல செஞ்சி தொகுதியில ஜெயிச்சு எம்.எல்.ஏ ஆனார். அப்போ அவங்க கட்சி எதிர்க்கட்சி. 2021-ல மறுபடி ஜெயிச்சார், இந்தத் தடவை அவங்க கட்சி ஆட்சிக்கு வந்தது. சிறுபான்மையினர் நலன், வெளிநாடு வாழ் தமிழர் நலன் துறைகளுக்கு அமைச்சர் ஆனார். 2024 செப்டம்பர் கடைசியில அமைச்சரவை மாத்தினப்போ அவர் பதவி போச்சு. அதுக்கப்புறம் மறுபடி வெறும் எம்.எல்.ஏ.

அவர் நல்லவரா கெட்டவரா, பதவி போனது சரியா தப்பாங்கற விவாதம் இன்னைக்கு நமக்கு வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். 2021 மே மாசத்துல இருந்து 2024 செப்டம்பர் வரைக்கும் செஞ்சி வாக்காளர்கள் தங்கள் எம்.எல்.ஏ விஷயத்துல எதையும் மாத்தலை. அதே ஆள், அதே தொகுதி, அதே வெற்றிச் சான்றிதழ். ஆனா அதிகாரம் வந்தது, அப்புறம் போச்சு. கொடுத்ததும் எடுத்ததும் முதலமைச்சரோட பரிந்துரையில ஆளுநர் போட்ட கையெழுத்து.

அரசியல் சாசனத்தோட 164-வது பிரிவு இதைத்தான் சொல்லுது. முதலமைச்சர் ஆலோசனைப்படி ஆளுநர் அமைச்சர்களை நியமிப்பார். மக்கள் ஓட்டுப் போட்டு எம்.எல்.ஏ-வை உருவாக்கலாம். அமைச்சரை மக்களால நேரடியா உருவாக்க முடியாது.

இது செஞ்சிக்குப் பழைய கதைதான். ராஜா தேசிங்கு கதை எல்லாருக்கும் தெரியும், குதிரை, வீரம், 1714 சண்டை. அந்தச் சண்டைக்குப் பின்னாடி ஒரு நிர்வாகப் பிரச்சினை இருந்தது. தேசிங்கோட அப்பா சொரூப் சிங்குக்குக் கோட்டைப் பொறுப்பைக் கொடுத்தது முகலாயர்கள். அவர் இறந்ததும் மகன் பொறுப்பை எடுத்துக்கிட்டார். அந்த உத்தரவு மகனுக்குத் தானா வராது, பாக்கி கப்பத்தைக் கட்டுன்னு ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் தரப்பு நின்னது. கோட்டைக்குள்ள யார் இருக்காங்கங்கறதைவிட, மேல இருந்து வந்த தாள்ல யார் பேர் இருக்குங்கறதுதான் தகராறு.

அமைச்சருக்கு அப்படி என்ன கிடைக்குது?

தமிழ்நாடு சட்டமன்றத்துல 234 பேர். 2003-ல வந்த 91-வது திருத்தப்படி, முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்ணிக்கை சட்டமன்றத்தோட மொத்த எண்ணிக்கையில 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 234-க்கு 15 சதவீதம்னா 35 பேர். அமைச்சரவை முழுசா நிரம்பினாலும் மீதி 199 பேர் வெறும் எம்.எல்.ஏ-தான். நீங்க எந்தத் தொகுதியில இருந்தாலும், உங்க எம்.எல்.ஏ அந்த 199-ல ஒருத்தரா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்.

அந்த 35 பேருக்கு என்ன கிடைக்குது? முதல்ல ஃபைல். துறையோட முடிவுகள் அவங்க மேசைக்கு வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போகும், அதுல இருந்து அரசாணை வரும். நாம ஜி.ஓ-ன்னு சொல்றோமே, அதுதான். ரெண்டாவது, பணம். துறைக்கு ஒதுக்கின நிதியை எங்க, எந்த வரிசையில செலவு பண்றதுன்னு சொல்ல முடியும். மூணாவது, அமைச்சரவைக் கூட்டத்துல ஒரு நாற்காலி. சிறுபான்மையினர் நல அமைச்சர் செஞ்சிக்கு ஒரு ரோடு போட உத்தரவு போட முடியாது, அது வேற துறை. ஆனா நெடுஞ்சாலைத் துறை அமைச்சர் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார், கேட்கலாம்.

அமைச்சர்னா எல்லாம் முடியும்னும் நினைக்க வேண்டாம். பெரிய செலவுன்னா நிதித் துறை ஒப்புதல் வேணும். எந்தத் துறை யாருக்குன்னு முடிவு பண்றது முதலமைச்சர். ஒன்றிய அரசுல இன்னொரு படி இருக்கு, இணை அமைச்சர். செஞ்சி ந. இராமச்சந்திரன், 1999-ல திண்டிவனம் தொகுதியில ம.தி.மு.க சார்புல ஜெயிச்சு, வாஜ்பாய் அமைச்சரவையில இணை அமைச்சரா இருந்தார். இணை அமைச்சருக்குத் தனிப் பொறுப்பு கொடுக்கலைன்னா, மேல இருக்கற கேபினட் அமைச்சர் பிரிச்சுக் கொடுக்கற வேலைதான் அவருக்கு. டெல்லிக்குப் போய் அமைச்சர் ஆனாலும் அதிகாரம் அளந்துதான் வரும்.

மூணு கோடி ரூபாய் கணக்கு

"எம்.எல்.ஏ-வுக்குத் தொகுதி நிதி இருக்கே"ன்னு கேட்பீங்க. இருக்கு. தமிழ்நாட்டுல வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். கேட்க பெரிய தொகை. செஞ்சித் தொகுதியில சுமார் இரண்டரை லட்சம் வாக்காளர்கள். வகுத்துப் பாருங்க, ஒரு வாக்காளருக்கு வருஷத்துக்கு 120 ரூபாய். எம்.பி நிதி வருஷத்துக்கு 5 கோடி. செஞ்சி இருக்கறது ஆரணி மக்களவைத் தொகுதியில. அதுல ஆறு சட்டமன்றத் தொகுதிகள், சுமார் 15 லட்சம் வாக்காளர்கள். தலைக்கு 33 ரூபாய் சொச்சம்.

அதுவும் அவங்க செலவு பண்ற பணம் இல்லை. இந்த வேலையைப் பண்ணுங்கன்னு பரிந்துரை மட்டும்தான் பண்ண முடியும். விதிகளுக்குள்ள வருதான்னு பார்த்து, மதிப்பீடு போட்டு, நிர்வாக அனுமதி கொடுக்கறது கலெக்டர் தலைமையில இருக்கற மாவட்ட நிர்வாகம். செக்குல கையெழுத்துப் போடற இடத்துக்கு எம்.எல்.ஏ வரவே மாட்டார்.

2020 ஏப்ரல்ல என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா? கொரோனா நேரத்துல ஒன்றிய அமைச்சரவை ஒரு முடிவெடுத்து எம்.பி தொகுதி நிதியை ரெண்டு வருஷத்துக்கு நிறுத்தி வெச்சது. 2021 நவம்பர்ல திரும்பக் கொண்டுவந்ததும் அமைச்சரவைதான். காரணம் சரியா தப்பாங்கறது வேற விவாதம். நாடு முழுக்க இருக்கற எம்.பி-க்களோட நிதியை நிறுத்தறதுக்கு ஒரு அமைச்சரவைக் கூட்டம் போதும்ங்கறதைத்தான் சொல்ல வர்றேன்.

2022 ஆகஸ்ட்ல மாநிலத்துல இன்னொண்ணு நடந்தது. முதலமைச்சர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ-க்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதி நிதியில முடிக்க முடியாத, ரொம்ப நாளா நிக்கற பத்து கோரிக்கைகளைப் பட்டியல் போட்டு கலெக்டர்கிட்ட கொடுங்கன்னு. "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டம். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ-க்களையும் கேட்டது நல்ல விஷயம். ஆனா பட்டியல் போகற திசையைப் பாருங்க. ஜெயிச்சு வந்தவர் எழுதிக் கொடுக்கறார், ஆய்வு பண்ணி முடிவெடுக்கறது நிர்வாகம்.

கோட்டை யாரோடது, ரயில் யாரோடது?

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல இடம் பிடிச்சது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புங்கற பேர்ல மொத்தம் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிராவுல, தமிழ்நாட்டுல இது ஒண்ணு. 1677-ல சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடிச்ச வரலாறுதான் காரணம். ஊர்ல எல்லாருக்கும் சந்தோஷம். கூடவே கேள்விகளும்: கழிப்பறை, குடிநீர், பார்க்கிங், மலைக்கு ஏற வசதி, இதெல்லாம் யார் பண்ணுவாங்க?

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. தேசிய முக்கியத்துவம் உள்ள நினைவுச்சின்னங்கள் ஒன்றியப் பட்டியல்ல வருது. 1958-ல வந்த சட்டம், 2010-ல திருத்தினது. அந்தத் திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையில இருந்து 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டுமானம் கூடாது. அதுக்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். அந்த 100 மீட்டருக்குள்ள ஒருத்தருக்கு மனை இருந்து, வீடு கட்டணும்னு எம்.எல்.ஏ-கிட்ட போனா அவரால அனுமதி தர முடியாது. கலெக்டராலயும் முடியாது. முதலமைச்சரே நினைச்சாலும் அந்தச் சட்டத்தைத் தாண்டி அனுமதி கொடுக்க முடியாது.

ஆனா கோட்டைக்கு வெளியே, ஊருக்குள்ள, குப்பை அள்ளறதும் தெருவிளக்கு போடறதும் உள்ளாட்சி. பஸ் விடறது மாநில அரசு. கோட்டைக்கு வர்ற டூரிஸ்ட் பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறி முடிக்கறதுக்குள்ள மூணு அரசாங்கங்களைக் கடந்துடறார். மூணுலயும் எம்.எல்.ஏ-வோட கையெழுத்து இல்லை.

ரயில் கதை இன்னும் தெளிவா இருக்கும். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை புது ரயில் பாதை, சுமார் 70 கிலோமீட்டர். 2006-07 ரயில்வே பட்ஜெட்ல அனுமதி கிடைச்சது. அப்போ ரயில்வே இணை அமைச்சரா இருந்தவர் பா.ம.க-வைச் சேர்ந்த ஆர். வேலு, அரக்கோணம் எம்.பி. அந்த அமைச்சகத்துக்குள்ளேயே வட தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் இருந்தார். அதுக்கப்புறம் வந்த எம்.பி-க்கள் இந்தப் பாதையைப் பத்தி டெல்லியில திரும்பத் திரும்பக் கேட்டிருக்காங்க. 2025 முடிஞ்சப்பவும் செஞ்சிக்கு ரயில் வரலை. அமைச்சகத்துக்குள்ள ஒரு நாற்காலி இருக்கறதுக்கும், வெளியே நின்னு கேட்கறதுக்கும் உள்ள வித்தியாசம்னு இதைப் பார்க்கலாம்.

சரி, ஓட்டாவது அவங்களோடதா?

கையெழுத்து இல்லைன்னாலும் சபையில ஒரு ஓட்டு இருக்கே? அதுலயும் ஒரு கட்டு இருக்கு. 1985-ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவோட உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவி போகலாம். தானா கட்சியை விட்டு விலகினதா கருதப்பட்டாலும் போகலாம்.

தமிழ்நாட்டுலயே பார்த்தோம். 2017 ஆகஸ்ட்ல அ.தி.மு.க எம்.எல்.ஏ-க்கள் ஆளுநரைப் பார்த்து, முதலமைச்சர் பழனிசாமி மேல நம்பிக்கை இல்லைன்னு கடிதம் கொடுத்தாங்க. சபையில எதிர்த்து ஓட்டே போடலை, கடிதம்தான். செப்டம்பர் 18-ல 18 பேரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் பண்ணினார். உயர் நீதிமன்றத்துல ரெண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்து, மூணாவது நீதிபதி 2018 அக்டோபர்ல தகுதிநீக்கம் செல்லும்னு சொன்னார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல், மே மாசங்கள்ல. ஒன்றரை வருஷத்துக்கு மேல அந்த 18 தொகுதிகளுக்கும் எம்.எல்.ஏ-வே இல்லை.

ஆனா ஒரு ஓட்டு எல்லாத்தையும் புரட்டிப் போடற நாளும் வரும். 1999 ஏப்ரல் 17, மக்களவையில வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அ.தி.மு.க ஆதரவை விலக்கினதுல ஆரம்பிச்ச நெருக்கடி அது. அன்னைக்கு எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள்ல கிரிதர் கமாங்கும் ஒருத்தர். ரெண்டு மாசம் முன்னாடியே ஒடிசா முதலமைச்சர் ஆயிட்டார், ஆனா எம்.பி பதவியை ராஜினாமா பண்ணலை. ஒரு மாநிலத்தோட நிர்வாகத் தலைவர் டெல்லிக்கு வந்து சாதாரண எம்.பி-யா போட்ட அந்த ஓட்டைப் பத்தி இன்னைக்கும் பேசறாங்க. இந்த மாதிரி நாள் ஒரு உறுப்பினரோட வாழ்க்கையில ஒண்ணு வந்தாலே அதிகம்.

அமெரிக்காவுல ஜூனியர் செனட்டர்

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டுமான்னு பார்க்க, நமக்குத் தெரிஞ்ச ஒருத்தரை எடுத்துக்கலாம். கமலா ஹாரிஸ். அம்மா ஷ்யாமளா கோபாலன் வழியில திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தோட தொடர்பு உள்ளவர்.

அமெரிக்க செனட்ல ஒரு மாநிலத்துக்கு ரெண்டு பேர், மொத்தம் 100. ரெண்டு பேர்ல பிந்தி வந்தவருக்குப் பேரு ஜூனியர் செனட்டர். ஓட்டுல வித்தியாசம் இல்லை, அனுபவ வரிசைதான். ஹாரிஸ் 2011-ல இருந்து 2017 வரைக்கும் கலிஃபோர்னியாவோட அட்டர்னி ஜெனரல். அது நிர்வாகப் பதவி. மாநிலம் சார்பா வழக்குப் போடலாம், சமரசத்துக்கு ஒத்துக்கலாம், பெரிய துறையையே நடத்தலாம். 2017-ல செனட்டுக்குப் போனார், அங்கே ஜூனியர் செனட்டர். 2018-ல உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு வந்த பிரெட் கவனாவை அவர் குறுக்கு விசாரணை மாதிரி கேள்வி கேட்டது உலகம் முழுக்கப் பரவினது. கடைசியில கவனா 50-க்கு 48-ன்னு ஜெயிச்சு நீதிபதி ஆயிட்டார். கேள்வி கேட்டவருக்குப் பேர் கிடைச்சது, முடிவு மாறலை.

அப்புறம் துணை அதிபர். அந்தப் பதவிக்கும் தனியா பெரிய நிர்வாக அதிகாரம் கிடையாது. செனட்ல ஓட்டு சமமா வந்தா மட்டும் துணை அதிபர் ஓட்டுப் போடலாம். ஹாரிஸ் நாலு வருஷத்துல 33 தடவை போட்டார், அது சாதனை.

இருந்தாலும் அமெரிக்க செனட்டருக்கு நம்ம எம்.எல்.ஏ-வைவிடப் பிடி அதிகம். கட்சிக்கு எதிரா ஓட்டுப் போட்டா பதவி போகாது. நியமனங்களுக்கு செனட் ஒப்புதல் வேணும். டாமி டியூபர்வில்னு முதல் தடவை செனட்டர் ஆன ஒருத்தர் 2023-ல பல மாசம் நானூறுக்கும் மேற்பட்ட ராணுவ அதிகாரிகளோட பதவி உயர்வை நிறுத்தி வெச்சார், தனி ஆளா. நம்ம ஊர்ல தனி எம்.எல்.ஏ ஒரு கான்ஸ்டபிள் இடமாற்றத்தைக்கூட சட்டப்படி நிறுத்த முடியாது.

அடிப்படை வித்தியாசம் இதுதான். அங்கே செனட்டரா இருந்துக்கிட்டே அமைச்சரா இருக்க முடியாது. அதனால செனட் தனக்குன்னு அதிகாரத்தை வெச்சிருக்கு. இங்கே அமைச்சர் ஆகணும்னா சபை உறுப்பினரா இருக்கணும், இல்லைன்னா ஆறு மாசத்துக்குள்ள ஆகணும். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ-க்கு அரசாங்கத்தைக் கேள்வி கேட்டா அடுத்த அமைச்சரவை மாற்றத்துல இடம் கிடைக்காது. அப்புறம் ஏன் கேட்பார்?

அப்போ எம்.எல்.ஏ எதுக்கு?

இங்கதான் நான் அந்த வாய்ஸ் நோட்டுகளோட முரண்படறேன். எம்.எல்.ஏ-வுக்குக் கையெழுத்து இல்லை. ஆனா அவருக்கு மட்டுமே இருக்கற சில விஷயங்கள் இருக்கு. கலெக்டருக்கு இல்லை, நமக்கும் இல்லை.

அவர் சபையில கேள்வி கேட்டா அமைச்சர் பதில் சொல்லணும், அது பதிவாகும். கவன ஈர்ப்பு கொண்டு வரலாம். மானியக் கோரிக்கை விவாதத்துல துறையோட பட்ஜெட்டையே பிடிச்சுக் கேட்கலாம், வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். இதுக்கும் எல்லை இருக்கு. விதி 110-ல முதலமைச்சரோ அமைச்சரோ அறிக்கை படிச்சா அதுமேல விவாதம் கிடையாது. ஆனா அந்த அறிக்கையில சொன்னது நடந்ததான்னு அடுத்த வருஷம் கேட்க யாரும் தடுக்கலை.

இதுக்குன்னே சட்டமன்றத்துல குழுக்கள் இருக்கு. அமைச்சர் சபையில கொடுத்த வாக்கு நிறைவேறினதான்னு துரத்தறது உறுதிமொழிக் குழு. செலவுக் கணக்கைத் தணிக்கை அறிக்கையோட வெச்சுப் பார்க்கறது பொதுக் கணக்குக் குழு. மனுக்களைப் பார்க்க மனுக்கள் குழு. அதிகாரிகளைக் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்கற இடம் இது. இதுல உட்கார்றவங்க பெரும்பாலும் நம்ம 199 பேர்தான்.

அதிகாரமே இல்லாத ஒரு உறுப்பினர் எவ்வளவு தூரம் போகலாம்னு காட்ட ஒரு உதாரணம். சுதந்திரத்துக்கு அப்புறம் தனிநபர் மசோதாக்கள்ல சட்டமானது 14 மட்டும்தான், கடைசி 1970-ல. இந்த நிலைமையில தி.மு.க-வோட திருச்சி சிவா, மாநிலங்களவையில திருநர் உரிமைகளுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அப்போ மக்களவையில அவங்க கட்சிக்கு ஒரு எம்.பி-கூட இல்லை. 2015 ஏப்ரல் 24-ல அது மாநிலங்களவையில நிறைவேறினது. 45 வருஷத்துல ஒரு தனிநபர் மசோதா மாநிலங்களவையைத் தாண்டினது அதுதான் முதல் தடவை. மக்களவையில அது சட்டமாகலை. அரசாங்கம் தன்னோட மசோதாவைக் கொண்டு வந்தது, 2019-ல சட்டமாச்சு. சிவாவோட மசோதாவுல இருந்த இடஒதுக்கீடு மாதிரியான விஷயங்கள் அதுல இல்லைன்னு விமர்சனம் இருக்கு. ஆனா அந்தப் பேச்சை நாடாளுமன்றத்துக்குள்ள கொண்டு வந்து வெச்சது ஒரு கையெழுத்தும் இல்லாத எதிர்க்கட்சி எம்.பி.

அதனால எம்.எல்.ஏ-வை எதை வெச்சு மார்க் போடணும்னு என் கணக்கு இது. பட்டா வாங்கிக் கொடுத்தாரா, கல்யாணத்துக்கு வந்தாரா, துக்கத்துக்கு வந்தாரா, அது அவரோட நல்ல மனசு. அது மட்டும் போதும்னு நாம விட்டா, சபையில வாயே திறக்காத ஒருத்தர் அஞ்சு வருஷம் நல்ல பேரோட இருக்கலாம். நாலு மனுவுக்குப் போன் பண்ணிக் கொடுக்கறது சுலபம். செஞ்சித் தாலுகாவுல எத்தனை முதியோர் உதவித்தொகை மனு நிக்குது, ஏன் நிக்குதுன்னு சபையில கேட்டு பதிலை வாங்கினா அந்தப் பாட்டிக்கு மட்டும் இல்லை, தாலுகாவுல இருக்கற எல்லாப் பாட்டிகளுக்கும் நடக்கும். அந்த வேலையைத்தான் வேற யாராலயும் செய்ய முடியாது.

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வீட்டுக்கு வர்றவங்ககிட்ட, ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, மூணே கேள்வி கேளுங்க. போன சபையில நீங்களோ உங்க கட்சி உறுப்பினரோ நம்ம தொகுதியைப் பத்தி என்ன கேள்வி கேட்டீங்க? எந்தக் குழுவுல இருந்தீங்க, அங்கே எதைத் துரத்தினீங்க? தொகுதி நிதியில எந்த வேலையைப் பரிந்துரை பண்ணீங்க, கலெக்டர் எதை அனுமதிச்சார், எதைத் திருப்பினார்? ரோடு எப்போ போடுவீங்கன்னு கேட்டா "போடறோம்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இந்த மூணுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

உங்க தொகுதி எம்.எல்.ஏ-கிட்ட இந்த மூணையும் கேட்டு, வர்ற பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல கலெக்டர் பக்கம் போறோம்: ஓட்டே வாங்காத ஒருத்தருக்கு இவ்வளவு அதிகாரம் எங்க இருந்து வந்தது, அதை யார் கேள்வி கேட்கறது? அதுவரைக்கும் வரட்டுமா.